டொரன்ட்டில் சட்டப்படி படமும் பாட்டும் கொடுக்க முடியுமா?

கேள்வி இதுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள், கோலார் தங்க வயல் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி 52 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறார்கள். படத்தில் ஏழு பாட்டுகள்: இரண்டு பாரதி பாடல், மூன்று பாட்டிகள் பாடிய நாட்டுப்பாட்டு, இரண்டு அவர்களே எழுதி மெட்டுப் போட்டது. படத்தையும் பாட்டுகளையும் டொரன்ட்டில் இலவசமாக விட ஆசை. "டொரன்ட் என்றாலே திருட்டு, போலீஸ் வரும்" என்கிறார் அறைத்தோழர். அவர் சொல்வது சரியா? இல்லையென்றால் எப்படி விடுவது?

தாராளமாக விடலாம். உங்கள் அறைத்தோழர் பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. நான் வக்கீல் இல்லை. இந்த ஊரில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன், சனி ஞாயிறுகளில் ஒரு தமிழ் நாடகக் குழுவுக்கு ஒயர் இழுப்பவன். நாங்களும் ஒருமுறை எங்கள் நாடகத்தை டொரன்ட்டில் விட்டுக் கையைச் சுட்டுக்கொண்டோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டொரன்ட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம், சட்டச் சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது. 2001-ல் பிராம் கோஹன் எழுதிய பிட்டொரன்ட், ஒரு பெரிய கோப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் என்கிற கைரேகை ஒன்றைக் குறித்து வைக்கிறது. முதல் துண்டு உங்கள் மெஷினுக்கு வந்து சேர்ந்த நிமிஷத்திலிருந்தே அதை அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். யார் தனக்குக் கொடுக்கிறாரோ அவருக்கு முதலில் கொடு என்று உள்ளே ஒரு கணக்கு ஓடும். நம் ஊர் மொய் நோட்டுதான், வைத்தவருக்கு வைப்போம். புதிதாக வந்தவரிடம் வைப்பதற்கு ஒன்றுமே இருக்காது இல்லையா? அவருக்காக அவ்வப்போது கணக்குப் பார்க்காமல் ஒரு துண்டு சும்மாவும் போகும்.

இதில் உங்களுக்கு என்ன லாபம்? படம் 2 ஜிபி என்று வையுங்கள். வீட்டு இணைப்பில் அப்லோட் 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பி. ஒருவருக்கு முழுப் படமும் போய்ச் சேர 400 நொடி. 300 பேருக்கும் நீங்களே கொடுத்தால் 33 மணி நேரத்துக்கு மேல், 600 ஜிபி. டொரன்ட்டில் ஆட்கள் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தால், நீங்கள் இரண்டு மூன்று பிரதி அளவுக்கு ஏற்றியதுமே மீதியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். ஆட்கள் சிதறி, வாரத்துக்கு ஒருவராக வந்தால் இந்த லாபம் கிடையாது. வழக்கமான டவுன்லோட் மாதிரிதான் ஆகிவிடும்.

சரி, சட்டம். ஓடிடியில் படம் பார்ப்பவர் பார்வையாளர் மட்டும். டொரன்ட்டில் எடுப்பவர் பார்வையாளர், பிரதி எடுப்பவர், விநியோகஸ்தர் என மூன்று வேஷத்தையும் ஒரே நேரத்தில் போடுகிறார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பிரதி எடுக்கும் உரிமையும், பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யும் உரிமையும் உரிமையாளர் கையில். யாராவது உண்மையில் பார்த்தார்களா என்ற கேள்வியே எழாது. பார்க்கக் கிடைக்கும்படி வைத்தாலே போதும். ஆகவே "இலவசமாகப் பாருங்கள்" என்று நீங்கள் எழுதி வைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. பார்க்கிறவர் அடுத்தவருக்குக் கொடுப்பதற்கும் அனுமதி வேண்டும். அந்த அனுமதி உங்களிடமிருந்து கிளம்பி, முகம் தெரியாத முந்நூறாவது ஆள் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். பிறர் படத்தை டொரன்ட்டில் எடுப்பவர் மாட்டுவதும் இங்கேதான். அவர் பார்த்ததால் வருகிற வம்பை விட, பார்த்துக்கொண்டே விநியோகித்ததால் வருகிற வம்பு பெரிது.

தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் இது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் "யார் கேட்கப் போகிறார்கள்" என்று இருக்க வேண்டாம். இன்னொரு பக்கம், 2016-ல் தடை செய்யப்பட்ட தளங்களைத் திறந்தால் பார்ப்பதே குற்றம் என்கிற தொனியில் ஒரு மிரட்டல் வாசகம் வரும். உங்கள் அறைத்தோழர் மனதில் நிற்பது அதுவாகத்தான் இருக்கும். வெறுமனே பார்ப்பது குற்றம் ஆகாது, அனுமதியில்லாமல் விநியோகிப்பதும் பொதுவில் காட்டுவதும்தான் குற்றம் என்று அதே வருஷம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் அந்த வாசகத்தைச் சரி செய்யச் சொன்னார்.

உங்கள் படத்துக்கு நீங்களே உரிமையாளர். அனுமதியை எழுத்தில் கொடுத்துவிட்டால் டொரன்ட்டில் எடுப்பவர், சீட் பண்ணுபவர் (முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுப்பவர்) எல்லோரும் சட்டத்துக்கு உட்பட்டவர்கள்தான். இதற்குப் புதிதாக வாசகம் எழுத வேண்டியதில்லை, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் தயாராக இருக்கின்றன. ஆறு வகை உண்டு. பெயர் போட வேண்டும், வியாபாரம் கூடாது, மாற்றக்கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில் விடு என்று நிபந்தனைகள் மாறும். ஆனால் காசு வாங்காமல், மாற்றாமல், பெயரோடு அப்படியே கைமாற்றுவதை ஆறுமே அனுமதிக்கின்றன. டொரன்ட்டுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆவணப்படத்தில் பேட்டி கொடுத்தவர்களின் பேச்சை யாராவது வெட்டி ஒட்டிவிடுவார்களோ என்று பயம் இருந்தால், மாற்றக்கூடாது என்கிற வகையை எடுங்கள். நான் அதைத்தான் எடுப்பேன். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஒருவருக்குக் கொடுத்த உரிமத்தை, அவர் நிபந்தனைகளை மதிக்கிற வரை, திரும்பப் பிடுங்க முடியாது.

இப்போது அந்த ஏழு பாட்டு. உங்கள் கேள்வியில் நான் ரொம்ப நேரம் யோசித்தது இதைத்தான்.

பாரதியின் வரிகளுக்குக் கவலையே இல்லை. 1949-ல் சென்னை அரசு உரிமையை வாங்கியது, பிறகு பொதுவுடைமை ஆனது. அந்தக் கணக்கை விட்டாலும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற விதிப்படி 1921-ல் மறைந்தவருக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் வரி இலவசம் என்பதால் பாட்டு இலவசம் ஆகாது. ஒரு பாட்டில் வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, ஒலிப்பதிவு மூன்றாவது ஆளுடையது. படத்தில் பாடியது யார், எந்த மெட்டில்? மேடைக்கென்று யாரோ போட்ட மெட்டையோ சினிமாவில் வந்த மெட்டையோ பாடியிருந்தால் அந்த மெட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். உங்கள் தோழியே மெட்டமைத்துப் பாடியிருந்தால் பிரச்சினை இல்லை, அவரிடம் ஒரு கையெழுத்து போதும். "எங்க வாத்தியார் சொல்லிக் கொடுத்த மெட்டு" என்று பதில் வந்தால், அந்த வாத்தியாருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு படி மேலே போய்க் கேளுங்கள்.

பழைய சினிமாப் பாட்டு என்றால் இது இன்னும் சிக்கல். 1960-ல் வெளியான படத்துக்கு, படம் என்ற அளவில், இந்தியாவில் உரிமை 2020 முடிவோடு தீர்ந்துவிட்டது. படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் கணக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. ஆனால் அதே படத்தில் கண்ணதாசன் எழுதிய பாட்டு இருந்தால், அவர் மறைந்தது 1981 என்பதால் வரிகளின் உரிமை, இன்று யார் கையில் இருந்தாலும், 2041 முடிவு வரை ஓடும். "பழைய படம்தானே" என்று டொரன்ட் போடுகிறவர்கள் பலரும் இந்த இரண்டாவது கணக்கைப் பார்ப்பதில்லை.

பாட்டிகள் பாடிய மூன்று பாட்டில், வழிவழியாக வந்த வரிக்கும் மெட்டுக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் பாடியவருக்குக் கலைஞர் என்ற முறையில் தனி உரிமை உண்டு. அவரது நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் பரப்பவும் சம்மதம் வேண்டும். கேமரா முன்னால் பாடினார் என்பதை வைத்து, உலகம் முழுக்கக் கைமாறலாம் என்று சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்க வயலின் மாரிக்குப்பத்துக்கு இன்னொரு முறை போய், தமிழில் நான்கு வரி எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுங்கள். "இதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக் கேட்கலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்" என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். சுரங்கத்தை 2001-ல் மூடிய பிறகு அந்த ஊரைத் தேடி வந்து படம் எடுத்துப் போனவர்கள் நிறைய, பிரதி கொண்டு வந்து கொடுத்தவர்கள் குறைவு என்று அங்கே ஒரு பெரியவர் என்னிடமே குறைப்பட்டிருக்கிறார். போகும்போது ஒரு பென் டிரைவில் படத்தையும் எடுத்துப் போங்கள்.

நீங்களே போட்ட இரண்டு பாட்டில் ஒரே ஒரு கேள்விதான். மெட்டுப் போட்டவர் ஐபிஆர்எஸ் மாதிரி உரிமைச் சங்கத்தில் உறுப்பினரா? உறுப்பினர் ஆகும்போது சில உரிமைகளைச் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்திருப்பார். அப்புறம் தனியாக இலவச உரிமம் கொடுக்க அவர் கையில் மிச்சம் இருக்காது. ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். 95 நிமிஷ நாடகம். டீக்கடைக் காட்சியில் பின்னால் ரேடியோ ஓட வேண்டும். ஒலி பார்த்த பையன் ஒரு பழைய சினிமாப் பாட்டை 40 நொடி விட்டிருக்கிறான். மேடையில் வசனச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, பதிவில் தெளிவாகக் கேட்டது. டொரன்ட் விட்ட மூன்றாம் நாள் காலை, நாடகத்தில் அம்மாவாக நடித்த அக்கா போன் செய்து, "தம்பி, அந்தப் பாட்டுக்கு யார்கிட்ட கேட்டீங்க?" என்றார். யாரிடமும் கேட்கவில்லை. உடனே சீட் பண்ணுவதை நிறுத்தினேன். அதற்குள் 23 பேரிடம் முழுப் பிரதி போயிருந்தது. ரேடியோவுக்குப் பதிலாகக் கிளாஸ் கழுவும் சத்தத்தையும் பஸ் ஹாரனையும் போட்டுப் புதுப் பிரதி தயாரித்தோம். கோப்பு மாறினால் ஹேஷ் மாறும், ஹேஷ் மாறினால் டொரன்ட்டுக்கு அது வேறு பொருள். பழையதும் புதியதும் ஒரு மாதம் அக்கம்பக்கமாக ஓடின. யாரோ ஒரு புண்ணியவான் மெஷினை அணைக்கவே இல்லை. வீடியோ தளமாக இருந்தால் ஒரு பட்டனில் நீக்கியிருப்பேன். ஆகவே உங்கள் படத்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல், ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். கல்யாண வீட்டு ஸ்பீக்கர், ஆட்டோவில் ஓடும் எஃப்எம், பேட்டி நடுவில் அடிக்கும் ரிங்டோன் எல்லாம் அப்போதுதான் காதில் விழும்.

இது நல்ல வழி என்றால் பெரிய கம்பெனிகள் ஏன் செய்யவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். செய்தார்கள், செய்துவிட்டுக் கைவிட்டார்கள். 2007 பிப்ரவரியில் பிட்டொரன்ட் நிறுவனமே பாரமவுண்ட், ஃபாக்ஸ் போன்ற ஸ்டூடியோக்களோடு ஒப்பந்தம் போட்டுக் கடை திறந்தது. புதுப் படம் வாடகைக்கு 3.99 டாலர். பார்க்க ஆரம்பித்து 24 மணி நேரத்தில் கோப்பு செத்துவிடும், விண்டோஸ் பூட்டு போட்டிருந்ததால் மேக்கில் ஓடாது. காசும் கொடுத்து, கம்பெனிக்காக நம் இணைப்பையும் கொடுத்து, கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்றால் யார் வருவார்கள்? அடுத்த வருஷமே மூடினார்கள். பிபிசியின் ஐபிளேயர் 2007 கிறிஸ்துமஸில் தொடங்கியபோது டவுன்லோட் முழுக்கப் பியர் டு பியர்தான், அதாவது டொரன்ட் மாதிரி பயனர்களின் மெஷின்களே (பியர்கள்) ஒன்றுக்கொன்று கொடுப்பது. நிரலை மூடிய பிறகும் அது பின்னால் ஏற்றிக்கொண்டே இருந்ததில் ஜனங்களுக்கு எரிச்சல். ஒரு வருஷத்தில் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

நன்றாக நடந்தது ஸ்பாடிஃபைதான், அதுவும் பலருக்குத் தெரியாமலே. 2008-ல் தொடங்கியபோது கம்ப்யூட்டரில் ஓடிய அதன் நிரல் பாட்டுத் துண்டுகளை மற்றப் பயனர்களிடமிருந்தும் எடுக்கும். 2010-ல் அங்கே வேலை பார்த்தவர்களே வெளியிட்ட ஆய்வின்படி சர்வரிலிருந்து வந்தது 8.8 சதவீதம், பியர்களிடமிருந்து 35.8 சதவீதம், மீதி ஏற்கெனவே மெஷினில் சேமித்திருந்தது. உரிமை எல்லாம் கம்பெனி வாங்கி வைத்திருந்ததால் பயனர் பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம் சர்வர் மலிவானது, ஜனங்கள் போனுக்குப் போனார்கள், போனில் பேட்டரி தின்னும் இந்த வேலை ஒத்துவராது. 2014-ல் நிறுத்துவதாகச் சொன்னார்கள். சட்டத்துக்குப் பயந்து யாரும் கைவிடவில்லை, சர்வர் செலவு குறைந்ததால் தேவை போய்விட்டது. உங்களை மாதிரி சர்வருக்குக் காசில்லாதவர்களுக்குத் தேவை அப்படியே இருக்கிறது.

இசைக்காரர்கள் கொஞ்சம் துணிச்சல் காட்டினார்கள். நைன் இன்ச் நெய்ல்ஸ் 2008-ல் 36 பாட்டுத் தொகுப்பு ஒன்றைக் கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டு, முதல் ஒன்பதைத் தாங்களே டொரன்ட் தளங்களில் ஏற்றினார்கள். முழுத் தொகுப்பு 5 டாலர், 300 டாலர் விலையில் 2,500 சிறப்புப் பெட்டிகள். இலவசமாகக் கிடைத்தும் பெட்டிகள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. 2014-ல் தாம் யார்க் தன் தனி ஆல்பத்தை டொரன்ட் வழியாகவே 6 டாலருக்கு விற்றார். ஏற்கெனவே பேர் உள்ளவர்களுக்கு இது பலிக்கும், நமக்குப் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். படத்தின் கடைசியில் ஒரு யுபிஐ க்யூஆர் படம் போடுங்கள், வந்தவரை லாபம்.

செய்முறை. சுலபமான வழி, இன்டர்நெட் ஆர்க்கைவில் படத்தை ஏற்றி, உரிமத்தைத் தேர்ந்தெடுப்பது. அவர்களே டொரன்ட் கோப்பை உருவாக்கித் தருவார்கள், யாரும் சீட் பண்ணாத நாளிலும் அவர்களுடைய சர்வரே சீடராக நிற்கும். 2012-லிருந்து இந்த வசதி இருக்கிறது. 2017 ஆகஸ்டில் சினிமாத் திருட்டுக்கு எதிரான ஒரு நீதிமன்ற உத்தரவில் சிக்கி அந்தத் தளமே இந்தியாவில் கொஞ்ச நாள் திறக்காமல் போனது. அதனால் ஒரே இடத்தை நம்பாமல் வீட்டிலும் ஒரு மெஷின் ஓடட்டும்.

கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய மினி பிசியோ ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டரோ வாங்கி, டிரான்ஸ்மிஷன் என்கிற டொரன்ட் நிரலைப் போட்டு, ரூட்டர் பக்கத்தில் வைத்தால் போதும். யுபிஎஸ்ஸில் செருகுங்கள், கரண்ட் போனால் சீடும் போகும். முருகேஷ்பாளையத்தில் என் வீட்டில் இப்படி ஒரு மெஷின் வைத்த முதல் வாரம், அந்த நாடகத்தை விடுவதற்கு முன்னால், ஒருவருக்கும் எதுவும் போகவில்லை. சீட் என்று பச்சையாகக் காட்டுகிறது, பியர் இருவர் வந்து நிற்கிறார்கள், வேகம் பூஜ்யம். காரணம் சிஜிநாட். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுத்திருப்பார்கள், வெளியிலிருந்து யாரும் உங்கள் மெஷினின் கதவைத் தட்ட முடியாது. அந்த இருவரும் அப்படியே மாட்டியிருந்தார்கள். ரூட்டரில், ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பொது முகவரி தருகிற ஐபிவி6-ஐ இயக்கி, அதன் ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டைத் திறந்ததும் ஒருவருக்கு ஓட ஆரம்பித்தது, அவரிடமிருந்து மற்றவருக்கும். "அன்லிமிடெட்" திட்டத்திலும் 3,300 ஜிபி என்று சிறு எழுத்தில் ஒரு வரம்பு இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் செய்ய வேண்டாம். படம் உங்களுடையதுதான் என்று ஐடி பிரிவுக்குப் புரிய வைப்பதற்குள் வேலை போய்விடும்.

டொரன்ட் உருவாக்கும்போது "பிரைவேட்" கட்டத்தை டிக் செய்யாதீர்கள், செய்தால் ட்ராக்கர் (யார் யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) இல்லாமல் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடியாது. படம் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே உரிம வாசகத்தை ஒரு எழுத்துக் கோப்பாக வையுங்கள். இணையப் பக்கத்தில் மட்டும் எழுதி வைத்தால், மூன்றாவது கைக்குப் போகும்போது அது உதிர்ந்துவிடும். படத்தின் கடைசி அட்டையிலும் போடுங்கள். டொரன்ட்டில் இருப்பவர்களின் ஐபி முகவரி மற்றவர்களுக்குத் தெரியும் என்பதையும் எடுப்பவர்களிடம் சொல்லிவிடுவது மரியாதை.

ஆனால் உங்கள் படத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களாக இருப்பார்கள். அவர்கள் கையில் போன்தான். எங்கள் வாட்ஸாப் குழுவில் மேக்னட் லிங்க்கை (ஹேஷை வைத்தே டொரன்ட்டைத் தேடித் தரும் இணைப்பு) அனுப்பியபோது அது அழுத்த முடியாத வெறும் எழுத்தாக வந்து, "என்னப்பா இது, கிறுக்கி வச்சிருக்க?" என்று பதில் வந்தது. அவர்களுக்காகப் பியர்ட்யூபில் ஒரு பிரதி போடுங்கள். ஃபிராமசாஃப்ட் என்கிற பிரெஞ்சு அமைப்பு உருவாக்கியது, பிரவுசரிலேயே ஓடும், ஒரே நேரத்தில் பார்ப்பவர்கள் தங்களுக்குள் துண்டுகளைப் பகிர்ந்துகொள்வார்கள். இன்னும் 400 எம்பிக்குச் சுருக்கிய பிரதி ஒன்றும் வைத்துக்கொண்டால், ரயில் பெட்டியில் பக்கத்து சீட்காரரின் போனுக்கு அப்படியே தள்ளிவிடலாம். நீங்கள் கொடுத்த அதே உரிமம் அந்தக் கைமாற்றத்துக்கும் செல்லும்.

டொரன்ட் விட்டதும் முதல் இரண்டு வாரம் மெஷினை அணைக்காதீர்கள், கூட்டம் சேருவது அப்போதுதான். பாட்டிகளின் கையெழுத்து வாங்கிய பிறகு இணைப்பை அனுப்புங்கள். என் வீட்டுப் பரண் மேல் ஒரு மெஷின் சும்மாதான் ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் சீட் பண்ணுகிறேன்.